இடுக்குத் தூசும் உறிஞ்சு குழலும்

குப்பி விளக்கொன்றை ஏற்றி, ஒரு முழத் தொலைவில் வைத்து, வாயைக் குவித்து ஊதினால் சுடர் அணைந்துவிடும். அதே விளக்கை அதே தொலைவில் வைத்துக்கொண்டு, காற்றை வாயால் உள்ளே இழுத்து அணைக்க முடியுமா? எவ்வளவு பலமாக இழுத்தாலும் சுடர் அசைவதுகூட அரிது. ஊதும்போதும் இழுக்கும்போதும் வாயின் துவாரம் ஒன்றே. மூச்சின் அளவும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருக்க, ஒன்று விளக்கை அணைப்பதும் மற்றொன்று அதைத் தீண்டாமல் விடுவதும் ஏன்? சிறு பிள்ளைகள் கேட்கும் கேள்வி போலத் தோன்றும் இதற்கும், சப்பிரகமுவ மாகாணத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் சல்லடைகளின் அருகே நிற்கும் பெண்களின் மூச்சுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது சப்பிரகமுவ. பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகளில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. இங்கு விளையும் தேயிலையில் பெரும்பங்கு தாழ்நிலத் தேயிலை. அதாவது கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு உட்பட்ட நிலத்தில் விளைவது. மத்திய கிழக்கு நாடுகளிலும் ரஷ்யாவிலும் இத்தகைய தேயிலையை விரும்பி வாங்குவோர், கறுத்து முறுக்கிய நீண்ட இலையையும், இடையிடையே மின்னும் பொன்னிறத் தளிர் நுனிகளையும் தேடுகின்றனர். அவர்களுடைய கண்ணுக்கு இசைந்தவாறு இலையை வகைபிரிக்க வேண்டுமானால், உலர்ந்த தேயிலையைப் பல தடவை சலிக்க வேண்டும், பொறுக்க வேண்டும், மீண்டும் சலிக்க வேண்டும். தூசு பிறக்கும் இடம் இதுவே.

அந்தத் தூசு சாதாரண மண்தூசு அன்று. தேயிலையின் இளங்கொழுந்தை எடுத்து அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், வெள்ளி நிறத்தில் நுண்மயிர்கள் படர்ந்திருப்பதைக் காணலாம். இலை வாடி, உருளையில் நசுங்கி, உலர்த்தும் யந்திரத்தின் சூட்டிற் காய்ந்த பின், சல்லடையில் உராயும்போது இம்மயிர்கள் உதிர்கின்றன. காம்பின் நார்த்துணுக்குகளும் இலையின் பொடியும் அவற்றோடு சேர்ந்து, பஞ்சுபோல் இலேசான, பழுப்பு நிறமான ஒரு பொருளாகிப் பறக்கின்றன. இதை 'டஸ்ட்' என்று விலைப்படும் தேயிலை வகையோடு மயக்கிக்கொள்ளலாகாது. அது முறைப்படி சலித்தெடுத்த பொடித் தேயிலை; கடைகளில் விற்பனையாவது; பலர் காலையில் விரும்பி அருந்துவது. இதுவோ எவரும் விரும்பாத பஞ்சுத்தூசு. தொழிற்சாலையின் சுவரில், கூரையில், யந்திரத்தின் வயிற்றில், நின்று வேலை செய்பவரின் தலைமயிரில், எங்கும் இது படியும்.

தரையிற் படிந்தது கண்ணுக்குத் தெரியும், அன்றாடம் கூட்டப்படும். படிந்தும் தெரியாமல் இருப்பதே தொல்லை. சல்லடைச் சட்டத்துக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடைப்பட்ட விரல்நுழையாச் சந்து, யந்திரப் பட்டியை மூடும் தகரக் கூட்டின் உட்புறம், கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களின் மேல்விளிம்பு, மின்குழாய்க்கும் சுவருக்கும் இடையிலுள்ள பிளவு, மாடியில் பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள வெடிப்பு என்று அதன் மறைவிடங்கள் பல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் எழுந்த பழைய தொழிற்சாலைகள் பல மாடிகள் கொண்டவை. மேல்மாடிகளிற் கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. அவற்றின் பலகைத் தளங்களில் இத்தகைய வெடிப்புகளுக்குக் குறைவே இல்லை.

இத்தூசு மூச்சோடு உட்செல்லும்போது நேர்வது என்ன? சிலருக்கு வெறும் தும்மல், சிலருக்கு வறட்டிருமல், ஒரு சிலருக்கோ ஆஸ்துமா என்னும் தொய்வு நோய். இலங்கையின் நெஞ்சு நோய் மருத்துவர்களுள் ஒருவரான டாக்டர் சி. ஜி. ஊரகொட, 1970ஆம் ஆண்டில் பிரித்தானியக் கைத்தொழில் மருத்துவ சஞ்சிகையில், தேயிலைப் பஞ்சுத்தூசினால் உண்டாகும் ஆஸ்துமாவைப் பற்றி எழுதினார். அக்கட்டுரைக்கு அவர் இட்ட தலைப்பே 'டீமேக்கரின் ஆஸ்துமா' எனப் பொருள்படுவது. தோட்டத்தில் டீமேக்கர் என்பவர் யார் என்று தோட்ட மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலையின் பொறுப்பு முழுவதும் அவர் தோளில் இருக்கிறது. அவருக்கே இந்நோய் வருமாயின், சல்லடையின் பக்கத்திலேயே எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளிப் பெண்ணுக்கு வராது என்று எவ்வாறு சொல்வது?

தூசின் பருமனும் இங்கே கவனிக்கத்தக்கது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோன். 10 மைக்ரோன் பருமனுள்ள துகள், அசைவற்ற காற்றில், ஆள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்கப் பத்து நிமிடமளவு ஆகும். 1 மைக்ரோன் பருமனுள்ளதோ அதே உயரத்தை இறங்கிக் கடக்க அரை நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலையில் அசைவற்ற காற்று ஏது? பட்டிகள் ஓடுகின்றன, விசிறிகள் சுழல்கின்றன, ஆட்கள் நடமாடுகின்றனர். ஆகவே ஒரு தடவை கிளம்பிய நுண்தூசு வேலை முடியும் வரையில் மிதந்துகொண்டே இருக்கிறது. சுவாசப்பையின் ஆழத்துக்குச் செல்லக்கூடியதும் இந்த நுண்தூசே. கண்ணுக்குத் தெரியும் பெருந்துணுக்குகளை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன.

தூசை அகற்றுவதற்குத் தொன்றுதொட்டுக் கையாளப்படும் கருவி ஈர்க்கு விளக்குமாறும் தும்புத்தடியும். இவை பெருந்துணுக்கை ஓரிடத்திற் சேர்க்கும். நுண்தூசை மேலே எழுப்பும். இன்னொரு வழி, அமுக்கிய காற்றைக் குழாய் வழியே பீய்ச்சுவது. இடுக்கில் இருக்கும் தூசை இவ்வழி நொடியில் வெளியேற்றிவிடும் என்பது உண்மை. பார்ப்பதற்கு யந்திரம் பளிச்சென்று இருக்கும். ஆனால் வெளியேறிய தூசு எங்கே போயிற்று? கூரைச் சட்டத்துக்குப் பாதி, ஊதியவரின் சுவாசப்பைக்குக் கொஞ்சம், மீதி மறுபடியும் யந்திரத்துக்கு. இதைத் துப்புரவு என்று சொல்வதைவிட இடமாற்றம் என்று சொல்வதே பொருத்தம்.

இதே எண்ணம் 1901ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலப் பொறியியலாளருக்கு எழுந்தது. அங்கே ஒரு மண்டபத்தில் துப்புரவு யந்திரம் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தனர். அது காற்றைப் பீய்ச்சித் தூசைக் கிளப்பும் யந்திரம். ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று பூத் கேட்டார். அது நடவாத காரியம் என்று விடை வந்தது. பூத் விடவில்லை. உணவுச்சாலை ஒன்றில் மெத்தையிட்ட நாற்காலியின் முதுகில் வாயை வைத்து, பலமாக மூச்சை இழுத்துப் பார்த்தார். தூசு தொண்டையை அடைக்க, திணறிப்போனார். சோதனை வெற்றி. அவ்வாண்டிலேயே அவர் அமைத்த யந்திரம் குதிரை வண்டியில் தெருவோரத்தில் நின்றது. நீண்ட குழாய்கள் யன்னல் வழியே வீடுகளுக்குள் சென்று தூசை இழுத்தன.

பூத் செய்த சோதனையில் ஒரு சிறு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அவர் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி நின்று மூச்சை இழுக்கவில்லை. வாயை மெத்தையோடு ஒட்டியே வைத்தார். தள்ளி நின்று இழுத்திருந்தால் அன்று அவர் திணறியிருக்க மாட்டார், யந்திரமும் பிறந்திருக்காது.

சில ஆண்டுகளுக்குப் பின், 1907 அளவில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கண்டன் என்ற நகரில் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் என்ற துப்புரவுத் தொழிலாளி கையால் தூக்கக்கூடிய ஒரு கருவியை ஆக்கினார். விசிறி மோட்டார், மரப்பெட்டி, விளக்குமாற்றுப் பிடி, தலையணை உறை ஆகியவையே அவருடைய மூலப்பொருட்கள். கம்பளத்தைக் கூட்டும்போது எழும் தூசினால் அவருக்குத் தொய்வு கண்டது. அதிலிருந்து தப்பவே அவர் இந்தக் கருவியை நாடினார். 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதை வாங்கி உலகெங்கும் பரப்பிய ஹூவர் என்பவரின் பெயர் இன்று வீட்டுக்கு வீடு தெரியும். இருமிக்கொண்டே அதை ஆக்கிய தொழிலாளியின் பெயர் சிலருக்கே தெரியும்.

வாக்குவம் கிளீனர் என்று வழங்கும் இந்தக் கருவி தூசை எவ்வாறு இழுக்கிறது? உண்மையில் அது எதையும் இழுப்பதில்லை. உள்ளே ஒரு விசிறி மிக விரைவாகச் சுழன்று காற்றை வெளியே தள்ளுகிறது. அதனால் உள்ளே அமுக்கம் குறைகிறது. வெளியிலுள்ள வளிமண்டலம் அந்தக் குறைவை நிரப்ப விரைந்து உட்புகுகிறது; புகும்போது வழியிலுள்ள தூசையும் அள்ளிக்கொண்டு செல்கிறது. நல்ல வீட்டுக் கருவியொன்றின் வாயை முற்றாக அடைத்தால், உள்ளே ஏற்படும் அமுக்கக் குறைவு ஏறக்குறைய 2 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். வளிமண்டல அமுக்கத்தில் ஐந்திலொரு பங்கு என்று கொள்ளலாம். விசிறியின் நடுவில் புகும் காற்றை ஓரத்தால் வீசியெறியும் இந்த முறை தேயிலை உலகத்துக்குப் புதியதன்று. அசாம் பக்கத்தில் தேயிலை பயிரிட்டுப் பின் பெல்பாஸ்ட் நகரில் 'சிரொக்கோ' தொழிற்சாலையை நிறுவிய சாமுவேல் டேவிட்சன், இலையை உலர்த்தச் சூடான காற்றைச் செலுத்தும் பணிக்கு இவ்வினத்து விசிறிகளையே திருத்தி அமைத்தார். சிரொக்கோ என்ற பெயர் பழைய டீமேக்கர்மார் அனைவருக்கும் பழக்கமானது.

இனி, குப்பி விளக்குக்குத் திரும்பலாம். வாயைக் குவித்து ஊதும்போது காற்று ஒரே திசையில், ஒரு தடி போலத் திரண்டு செல்கிறது. துவாரத்தின் விட்டத்தைப்போல் 30 மடங்கு தூரம் சென்ற பின்னும் அதன் வேகத்தில் பத்திலொரு பங்கு எஞ்சியிருக்கும். லயத்து அடுப்படியில் ஊதாங்குழலை வாயில் வைத்து, எட்ட இருந்தே விறகைத் தணலாக்கும் தாய்க்கு இந்தக் கணக்கு தெரியாவிட்டாலும் பலன் நன்றாகத் தெரியும். உறிஞ்சும்போதோ நிலைமை வேறு. துவாரத்தை நோக்கி முன்னிருந்தும், பக்கங்களிலிருந்தும், பின்புறத்திலிருந்துங்கூடக் காற்று ஓடி வருகிறது. எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் ஒரு திசையிலிருந்து வருவது சொற்பம். துவாரத்தின் விட்டமளவு தள்ளிச் சென்றாலே, வேகம் பத்திலொரு பங்குக்கும் கீழே விழுந்துவிடுகிறது. ஊதும் காற்று 30 மடங்கு தூரத்தில் செய்வதை, உறிஞ்சும் காற்று ஒரு மடங்கு தூரத்தில்கூடச் செய்வதில்லை.

இதன் விளைவு யாதெனில், 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் வாயை இடுக்கிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்தால், யந்திரம் எவ்வளவு பலமாக இரைந்தாலும் இடுக்கிலுள்ள தூசுக்கு அது வந்ததே தெரியாது. மோட்டாரின் பலத்தைக் கூட்டுவதால் இக்குறை தீராது. வாய் தூசிடம் போக வேண்டும். தூசு வாயிடம் வராது. உறிஞ்சு கருவிகளோடு சேர்த்து விற்கப்படும் தட்டை மூக்கு, நீள்குழல், வளைகுழல், தூரிகை வாய் முதலிய துணைக்கருவிகள் அனைத்தும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறந்தவை. பெட்டியைத் திறந்ததும் யந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இவற்றை அலுமாரியில் போட்டுப் பூட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கத்தியை வாங்கி அலகைக் கழற்றி வைப்பது போன்றது அது.

இவற்றுள் தட்டை மூக்கே முதன்மையானது. வாத்தின் அலகைப் போலத் தட்டையாகக் குறுகும் குழல் அது. இது குறித்து ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் தூரப் பாய்வதைப் போல, உறிஞ்சும் வாயைக் குறுக்கினாலும் அதன் ஆற்றல் தூரம் எட்டும் என்று பலர் கருதுகின்றனர். நடப்பது நேர்மாறு. வாய் குறுகக் குறுக, வாயிலேயே காற்றின் வேகம் கூடுகிறது. எட்டும் தூரமோ குறைகிறது. ஆகையால் தட்டை மூக்கின் பயன் இடுக்குக்குள் புகுவதிலேயே இருக்கிறது. இடுக்கை எட்டிப் பார்ப்பதில் இல்லை. அதன் நுனி தூசைத் தொட வேண்டும். குறைந்தது அரை விரற்கடைக்குள் வர வேண்டும்.

குறுக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. 32 மில்லிமீட்டர் குழாயின் வாய்ப் பரப்பு ஏறக்குறைய 800 சதுர மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் நீளமும் 8 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட தட்டை மூக்கின் பரப்பு 400, அதாவது பாதி. இது தாழ்வில்லை. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மெல்லிய குழலை மாட்டினாலோ பரப்பு 28 சதுர மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அப்போது யந்திரத்துக்குப் போதிய காற்றுக் கிடைப்பதில்லை. மோட்டாரின் ஓசை கீச்சென்று உயரும். மோட்டார் பாடுபடுவதாகக் கேட்பவர் நினைப்பார். உண்மையில் தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் பாரம் குறைந்து அது விரைந்து சுழல்கிறது. பல கருவிகளில் இந்தக் காற்றே மோட்டாரைக் குளிரச் செய்வதால், நெடுநேரம் அப்படி ஓட்டினால் மோட்டார் சூடேறிக் கருகும். பல கைப்பிடிகளில் காணப்படும் சிறு நழுவு மூடி இதற்கு உதவும். மெல்லிய குழலை மாட்டும்போது அதைச் சற்றுத் திறந்துவிட்டால், வேண்டிய காற்று அவ்வழியே புகும்.

தூரிகை வாய் செய்யும் வேலை வேறு. ஒட்டிக்கொண்ட தூசைக் காற்று மட்டும் பெயர்ப்பதில்லை. மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் காற்று மிக மெதுவாகவே நகர்கிறது. நுண்துகள் அந்தப் படலத்துக்குள் பதுங்கிக்கொள்கிறது. தூரிகையின் மயிர் அதைக் கிளப்பிக் கொடுக்க, காற்று அள்ளிச் செல்கிறது. சல்லடைக் கம்பிவலைக்கு இதைவிட ஏற்றது கிடையாது. சப்பிரகமுவவிலோ தூரிகைக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தேயிலைத் தூசு ஈரத்தை வெகுவாக உறிஞ்சும். தென்மேற்குப் பருவத்தில் ஒரு வாரம் கவனியாது விட்டால், இடுக்கிலுள்ள பஞ்சு அடைபோலக் கட்டிப் பூஞ்சணமும் பூக்கும். அந்த நிலையில் தட்டை மூக்கு அதன்மேல் சறுக்கிப் போகுமேயன்றி எதையும் எடுக்காது. தூரிகையாலோ மரச்சீவலாலோ முதலிற் பெயர்த்துவிட்டுப் பிறகே உறிஞ்ச வேண்டும். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை என்பதை நாளுக்கு ஒரு முறை என்று மாற்றிக்கொள்வது அதனிலும் எளிது.

கூரைச் சட்டங்களுக்கு நீள்குழலும், அதன் நுனியில் வளைகுழலும் தேவை. சட்டத்தின் மேற்பக்கம் கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஆகவே குழலின் நுனி கொக்கிபோலத் திரும்பியிருக்க வேண்டும். ஏணியின் உச்சியில் ஆளை ஏற்றி விளக்குமாற்றைக் கொடுப்பதைவிட, தரையில் நின்றபடி நீள்குழலைப் பிடிப்பது எவ்வளவோ பாதுகாப்பானது. எனினும் ஓர் எச்சரிக்கை. அலுமினியக் குழல் இலேசானது. நீட்டிப் பிடிக்க வசதியானது. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவது. மின்கம்பியும் விளக்குப் பொருத்திகளும் உள்ள பக்கத்தில் அதைக் கொண்டு துழாவுவது உயிருக்கு உலைவைக்கும். யந்திரங்களை நிறுத்தி, அந்தப் பகுதியின் பிரதான ஆளியை மூடிவிட்டு, வேறோர் இடத்திலிருந்து மின்சாரம் பெற்று உறிஞ்சியை ஓட்ட வேண்டும்.

பிளாஸ்டிக் குழலாயின் அந்த ஆபத்து இல்லை. வேறொரு தொல்லை உண்டு. உலர்ந்த பஞ்சுத்தூசு பிளாஸ்டிக்கில் உராய்ந்தோடும்போது அதில் நிலைமின்னேற்றம் பிறக்கிறது. குழலைப் பிடித்தவரின் கையில் சுருக்கென்று தைக்கும். தூசும் உள்ளே போகாமல் குழலின் புறத்தில் ஒட்டிக்கொண்டு மீசை முளைத்ததுபோல் நிற்கும். விந்தை என்னவென்றால், தொழிற்சாலையில் நார்பிரிக்கும் யந்திரம் வேலை செய்வதே இந்தத் தத்துவத்தால்தான். அங்கே பிளாஸ்டிக் உருளைகள் கம்பளித் துணியில் உராய்ந்து மின்னேற்றம் பெற்று, ஓடும் தேயிலையின் மேலிருந்து நாரையும் காம்பையும் கவர்ந்தெடுக்கின்றன. ஓரிடத்தில் ஊழியனாக இருப்பது மற்றோரிடத்தில் குறும்பனாகிறது. தொழிற்சாலைக்கெனச் செய்யப்படும் உறிஞ்சிகளில் மின்னைக் கடத்தும் குழாயை வைத்து, அதைப் பூமியோடு இணைத்து, இம்மின்னேற்றத்தைப் போக்கிவிடுகின்றனர்.

இது வெறும் வசதிக்காக மட்டுமன்று. மாவுத்தூசைப் போலவே தேயிலைத் தூசும் எரியக்கூடியது. அடர்ந்த புகையாகக் காற்றில் நிற்கும்போது ஒரு பொறி பட்டால் குப்பென்று பற்றும். உலர்த்தும் யந்திரத்தின் சூடான தகட்டில் படிந்த பஞ்சு சத்தமின்றிக் கனன்றுகொண்டிருப்பதும் உண்டு. அப்படிக் கனலும் துணுக்கொன்றை உறிஞ்சிவிட்டால், பையிலுள்ள தூசும் ஓடிவரும் காற்றும் சேர்ந்து அதை அடுப்பாக்கிவிடும். உலர்த்தி நன்றாக ஆறிய பின்னரே அதன் பக்கம் குழலைக் கொண்டுபோக வேண்டும். தூசுக்குத் தூசு குணமும் வேறுபடும். கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்தில் எடுக்கும் காரீயத்தின் தூசு மின்சாரத்தைக் கடத்துவது. அதைச் சாதாரண உறிஞ்சியில் இழுத்தால் மோட்டாருக்குள் புகுந்து மின்னொழுக்கை உண்டாக்கும். ஒரு தூசுக்குப் பொருந்திய கருவி மற்றொன்றுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது.

விலைக்கு வாங்கும் துணைக்கருவிகள் எல்லா யந்திரத்துக்கும் அளவாக அமைவதில்லை. சல்லடையின் அடித்தட்டுச் சந்து ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒவ்வோர் அளவு. இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் மெல்லிய பி.வி.சி. குழாய்த் துண்டின் ஒரு நுனியைக் கொதிநீரில் சில நிமிடம் அமிழ்த்தினால் அது இளகும். இரண்டு பலகைத் துண்டுகளுக்கிடையில் வைத்து, நடுவில் வேண்டிய தடிப்புள்ள மரச்சீவலொன்றைச் செருகி, அழுத்திப் பிடித்துக் குளிர விட்டால், வேண்டிய அளவில் தட்டை மூக்கு ஆயத்தம். நெருப்பில் வாட்டக் கூடாது. அதில் எழும் புகை நஞ்சு. வாய்ப் பரப்பு குழாயின் பரப்பில் பாதிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நுனியைச் சரிவாக அரிந்துவிடுவது நன்று. தரையோடு ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டாது. விளிம்பில் பழைய சைக்கிள் டியூப் துண்டொன்றை ஒட்டினால் கம்பிவலை கிழியாது.

வேலையை மேலிருந்து தொடங்குவது முறை: முதலில் கூரைச் சட்டம், பிறகு சுவர் விளிம்பு, பிறகு யந்திரம், கடைசியில் தரை. தரையைக் கூட்டிவிட்டுக் கூரைக்கு ஏறுபவர் இரண்டாவது தடவையும் தரையைக் கூட்ட நேரும். புதிதாகத் தொழிற்சாலை கட்டுவோர் இடுக்குகளையே குறைத்துவிடலாம். சுவரும் தரையும் சேரும் மூலையை வளைவாகப் பூசுவதும், யன்னல் விளிம்புகளைத் தூசு தங்காதவாறு சரிவாக அமைப்பதும் உணவுப் பொருள் ஆக்கும் கட்டடங்களில் இன்று ஏற்றுக்கொண்ட முறைகளே. பழைய கட்டடத்தை வைத்திருப்பவருக்கு வளைகுழலே துணை.

உறிஞ்சியது பையில் தங்குகிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. சாதாரணத் துணிப்பை பெருந்துணுக்கைப் பிடித்து, நுண்தூசை மறுபுறத்தால் ஊதிவிடும். அப்போது முன்புறத்தால் துப்புரவும் பின்புறத்தால் அசுத்தமும் ஒரே சமயத்தில் நடைபெறும். 0.3 மைக்ரோன் பருமனுள்ள துகளிலும் 100க்கு 99.97 பங்கைத் தடுக்கும் நுண்வடிகள் இப்போது கிடைக்கின்றன. சல்லடை அறைக்கு இவ்வகையே தகும். பையை அறைக்குள் உதறக் கூடாது. வாயும் மூக்கும் நன்கு மூடும் கவசம் அணிந்து, வெளியே, காற்றடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, பையை ஒரு சாக்குக்குள் முழுவதும் இறக்கி, மெல்லக் கவிழ்க்க வேண்டும்.

சாக்கில் விழுந்ததைப் பார்த்தால், அதுவும் தேயிலைபோலவே தோன்றும், மணமுங்கூட இருக்கும். நிறை குறைந்த நாளில் அதை மறுபடியும் சல்லடையிற் போடலாமா என்ற சபலம் எழலாம். 1957ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கூட்டியெடுத்ததையும், பஞ்சையும், நாரையும், காம்பையும் கழிவுத் தேயிலை என்று வகுத்திருக்கிறது. கபேன் என்ற மருந்துச் சரக்கைப் பிரித்தெடுக்கவும், எருவாக்கவும் அது உதவும், கோப்பைக்கு உதவாது. சாக்கின் வாயைக் கட்டி, நிறுத்து, கழிவுப் புத்தகத்தில் பதிந்து, நல்ல தேயிலை இருக்கும் அறைக்கு அப்பால் வைத்த பிறகே அன்றைய துப்புரவு முடிகிறது.